பசித்த வேரின் குரல்

வேளாண்மை நூல்களைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். பயிருக்கு ஊட்டம் அளிப்பதைப் பற்றி ஓர் அதிகாரம் இருக்கும். களைகளை அகற்றுவதைப் பற்றி வேறோர் அதிகாரம் இருக்கும். உரம் இடுவது ஒரு வேலை, களை எடுப்பது மற்றொரு வேலை என்பதே உழவர் இல்லங்களிலும் வழிவழியாக வந்துள்ள எண்ணம். எருவும் உரமும் பயிரை வளர்ப்பதற்கு. களைக்கொத்து பயிரின் பகைவரை ஒழிப்பதற்கு. இரண்டும் ஒரே நிலத்தில் நடந்தாலும், ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு உண்டென்று பலரும் நினைப்பதில்லை.

இந்த எண்ணத்தை ஒரு சிறு செடி மாற்றிவிட்டது. அச்செடியை வெல்ல அறிவியல் அறிஞர்கள் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டாகப் போராடி வருகின்றனர். அப்போராட்டத்தின் நடுவே அவர்கள் கண்டறிந்த உண்மை ஒன்று உண்டு. நிலத்தின் பசியும் களையின் பெருக்கமும் இரு வேறு துன்பங்கள் அல்ல. ஒரே துன்பத்தின் இரு முகங்கள் என்பதே அவ்வுண்மை. கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் அன்றாட உணவு இதில் அடங்கியிருப்பதால், இதனைச் சற்று விரிவாகக் காண்பது நமக்கு நலம் பயக்கும்.

அழகிய பகைவன்

தமிழ்நாட்டில் சோளமும் கரும்பும் பயிரிடுவோர் ‘சுடுமல்லி’ என்னும் களையை அறிவர். அறிவியலார் அதனை ‘ஸ்ட்ரைகா’ என்று அழைக்கின்றனர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் சூனியக்காரி என்று பொருள். நம் நாட்டில் பெரும்பாலும் வெண்ணிறப் பூக்களோடு காணப்படும் இக்களையின் நெருங்கிய உறவினம் ஒன்று ஆப்பிரிக்காவில் உண்டு. அது முழங்கால் உயரத்திற்கு மேலும் வளர்ந்து, ஊதா கலந்த இளஞ்சிவப்பு மலர்களைப் பூக்கும். தொலைவிலிருந்து காண்போர், யாரோ மலர்த்தோட்டம் அமைத்திருக்கிறார்கள் என்று எண்ணக்கூடும். அந்த நிலத்திற்கு உரிய குடும்பமோ அம்மலர்களைக் கண்டு கண்ணீர் வடிக்கும். பூக்கள் மிகுந்திருக்கும் ஆண்டில் குதிருக்குத் தானியம் வருவதில்லை.

சோளம், மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, மானாவாரி நெல் ஆகிய தானியப் பயிர்கள் யாவும் இக்களைக்கு இரையாகின்றன. மேற்கே செனகல் நாடு முதல் கிழக்கே எத்தியோப்பியா, கென்யா வரை பரந்து கிடக்கும் வறண்ட, அரை வறண்ட நிலங்களில் இதன் ஆட்சி நடக்கிறது. தாக்குதல் கடுமையானால், சில வயல்களில் விதைத்த விதையளவுகூடத் திரும்பக் கிடைப்பதில்லை. அத்தகைய நிலங்களைக் கைவிட்டு வேறிடம் பெயர்ந்த குடும்பங்களும் உண்டு.

மண்ணுக்கடியில் நடப்பது யாது?

பொதுவாகக் களைகள் பயிரின் அருகே நின்று நீருக்கும் ஒளிக்கும் உரத்திற்கும் போட்டியிடும். சுடுமல்லியின் வழக்கம் வேறு. அது பயிரின் அருகே நிற்பதோடு அமைவதில்லை. பயிரின் வேருக்குள்ளேயே புகுந்து குடியேறிவிடும்.

இதன் விதை மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமே இருக்கும்; உள்ளங்கையில் கொட்டினால் பழுப்பு நிறத் தூசி என்றே தோன்றும். ஒரே செடி 50,000 விதைகளுக்கு மேல் ஈனக்கூடும். செழித்த செடியொன்று இரண்டு இலட்சம் வரையிலும் ஈனலாம். இவ்விதைகள் மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடு உறங்கிக் கிடக்க வல்லவை. மழை பெய்ததும் மற்ற விதைகளைப் போல இவை முளைத்துவிடுவதில்லை. ஈரமும் வெப்பமும் பெற்றுச் சில நாட்கள் பதப்பட்ட பிறகும் காத்தே கிடக்கும். எதற்காக? தமக்கு மிக அருகில், சில மில்லிமீட்டர் தொலைவில், ஒரு தானியப் பயிரின் வேர் வந்து சேர்வதற்காகவே.

வேர் அருகில் வந்ததை உணர்ந்த உடனே விதை விழித்துக்கொள்கிறது. நுண்ணிய முளை ஒன்று வேரை நோக்கி நீள்கிறது. வேரைத் தொட்டதும் அதன் நுனி பருத்து, உறிஞ்சு உறுப்பாக மாறி, வேரைத் துளைத்து அதன் நீர்க்குழாய்களோடு தன்னை இணைத்துக்கொள்கிறது. அதன் பின்னர் பயிர் உறிஞ்சும் நீரும் உப்புகளும் பயிர் சமைக்கும் உணவும் இந்த விருந்தாளிக்குப் போய்ச் சேருகின்றன. வெயில் ஏறும்போது பயிர் தன் இலைத்துளைகளை மூடி நீரைச் சேமிக்க முயலும். சுடுமல்லியோ தன் இலைத்துளைகளைத் திறந்தே வைத்துக்கொண்டு நீரை இழுத்தவண்ணம் இருக்கும். பயிரின் இலைகள் வாடி, மஞ்சளாகி, தீயில் வாட்டியவை போல் கருகுகின்றன. மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வறட்சியால் மடிவது போல் காட்சியளிக்கிறது. சூனியம் வைத்தது போல் இருக்கிறது என்று மக்கள் கூறியதில் வியப்பில்லை.

இவையெல்லாம் நடந்து முடிந்து பல வாரங்கள் ஆன பிறகே களை மண்ணுக்கு மேல் தலைகாட்டும். அப்பொழுதுதான் உழவர் அதனைக் காண்கிறார். அவர் மனைவியும் மக்களும் வயலில் குனிந்து, முதுகு ஒடிய அதனைப் பறிக்கிறார்கள். பறிப்பது வீண் அன்று. பூத்து விதையாகுமுன் பறித்தால் அடுத்த ஆண்டின் துன்பம் குறையும். ஆயினும், இந்த ஆண்டின் இழப்பு அதற்குள் பெரும்பாலும் நடந்து முடிந்துவிட்டது. களைக்கொத்து எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், இந்தப் பகைவனிடம் அது காலம் தாழ்த்தியே வந்து சேருகிறது.

பருத்தி வேர் தந்த புதிர்

ஒரு வினா அறிஞர்களை நெடுங்காலம் உறங்கவிடவில்லை. உறங்கும் விதைக்குப் பயிரின் வேர் அருகில் வந்துள்ள செய்தியைச் சொல்வது எது? வேரிலிருந்து கசியும் ஏதோ ஒரு பொருள்தான் என்பது தெரிந்திருந்தது. அப்பொருளைப் பிரித்தெடுப்பது எளிதாக இல்லை. கடலில் கரைத்த பெருங்காயத்தைத் தேடுவது போன்ற வேலை அது. அத்துணை நுண்ணிய அளவில் அது கசிகிறது.

1966-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் குக் என்பவரும் அவருடைய தோழர்களும் அப்பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். அதற்கு ‘ஸ்ட்ரைகால்’ என்று பெயரிட்டனர். 1972-ஆம் ஆண்டில் அதன் கட்டமைப்பும் தெளிவாயிற்று. இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அதனைப் பிரித்தெடுத்தது சோள வேரிலிருந்து அன்று, பருத்தி வேரிலிருந்து. பருத்தியைச் சுடுமல்லி தாக்குவதே இல்லை! பருத்தி வேரின் அழைப்பைக் கேட்டு முளைக்கும் விதை, பற்றிக்கொள்ள இயலாமல் சில நாட்களில் மடிந்துபோகிறது.

புதிர் இன்னும் ஆழமாயிற்று. தன் பகைவனைத் தானே அழைக்கும் பொருளை ஒரு செடி ஏன் உண்டாக்க வேண்டும்? தாக்கப்படாத பருத்தியும் அதனை ஏன் உண்டாக்குகிறது? திருடனுக்குக் கதவைத் திறந்துவிடும் வீட்டுக்காரர் உண்டோ?

இவ்வினாவுக்கு விடை கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 2005-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் அக்கியாமா என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் விடை கண்டனர். வேர்கள் அப்பொருளைக் கசியவிடுவது பகைவனை அழைப்பதற்காக அன்று, நண்பனை அழைப்பதற்காக. அந்த நண்பன் மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணிய பூசணம். உலகின் நிலத்தாவரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வேர்ப்பூசணத்தோடு உறவு கொண்டு வாழ்கின்றன. பூசணத்தின் மெல்லிய இழைகள், வேர் எட்டாத தொலைவுக்குச் சென்று மணிச்சத்தைத் திரட்டிக்கொண்டு வந்து பயிருக்குக் கொடுக்கின்றன. பயிர் அதற்குக் கைம்மாறாகத் தான் சமைத்த உணவில் ஒரு பங்கைப் பூசணத்திற்கு அளிக்கிறது. நாற்பது கோடி ஆண்டுகளாக நடந்துவரும் பண்டமாற்று இது.

அந்த நண்பனுக்கு வேர் அனுப்பும் அழைப்பை ஒட்டுக்கேட்கக் கற்றுக்கொண்ட திருடன்தான் சுடுமல்லி.

பசியே பகைவனை அழைக்கிறது

நமது கட்டுரையின் உயிர்நாடி இங்கேதான் உள்ளது. ஒரு செடி எப்பொழுது நண்பனை மிகுதியாக அழைக்கும்? தேவை மிகும்போது அன்றோ? மண்ணில் மணிச்சத்துக் குறைந்தால், பயிரின் வேர் அழைப்புப் பொருளைப் பன்மடங்காகக் கசியவிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-ஆம் ஆண்டில் சோளத்தை வைத்து நடத்திய ஆய்வில் மற்றொன்றும் தெளிவாயிற்று. சோளத்தைப் பொறுத்தவரை, மணிச்சத்துக் குறைந்தாலும் அழைப்பு மிகுகிறது. தழைச்சத்துக் குறைந்தாலும் மிகுகிறது.

இப்பொழுது எல்லாம் விளங்குகின்றன. ஊட்டமுள்ள நிலத்தில் நிற்கும் பயிர் மெல்லப் பேசுகிறது. பசித்த நிலத்தில் நிற்கும் பயிர் உரக்கக் கூவுகிறது. அந்தக் கூக்குரலை நண்பனும் கேட்கிறான்; பகைவனும் கேட்கிறான். ஆண்டுக்கு ஆண்டு எருவின்றி, பயிர்மாற்றமின்றி, ஒரே தானியத்தை விதைத்து விதைத்துக் களைத்துப்போன நிலத்தில் சுடுமல்லி பெருகுவது இதனால்தான். வளமான நிலத்தில் இக்களை அரிது என்பதை உழவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அந்த அனுபவத்தின் காரணத்தை வேதியியல் இப்பொழுது சொல்லிவிட்டது.

2008-ஆம் ஆண்டில் இதனோடு இன்னொரு செய்தியும் சேர்ந்தது. இதே பொருள் பயிரின் உடலுக்குள்ளும் வேலை செய்கிறது. புதுக் கிளைகள் வெடிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. வருவாய் குறைந்த ஆண்டில் வீட்டுத் தலைவர் புதிய அறை கட்டுவதை ஒத்திவைப்பது போல, ஊட்டம் குறைந்த பயிர் தூர் விடுவதை ஒத்திவைத்துக்கொண்டு உதவி கேட்டுக் குரல் கொடுக்கிறது.

இதனால் விளையும் துன்பச் சுழலை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழை உழவரிடம் உரம் வாங்கப் பணம் இல்லை. எனவே நிலம் பசிக்கிறது. நிலம் பசித்தால் களை பெருகுகிறது. களை பெருகினால் விளைச்சல் குறைகிறது. விளைச்சல் குறைந்தால் அடுத்த ஆண்டும் உரம் வாங்கப் பணம் இல்லை. இந்தச் சுழலை எந்த இடத்தில் அறுப்பது என்பதே ஆய்வாளர்கள் முன் நின்ற கேள்வி.

செல்வ நாடு கண்ட வழி

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களில் மக்காச்சோள வயல்களில் இக்களை இருப்பது கண்டறியப்பட்டது. அந்நாட்டு அரசு விழித்துக்கொண்டது. களை தங்கிய நிலங்களிலிருந்து விளைபொருளும் கருவிகளும் வெளியேறுவது கட்டுப்படுத்தப்பட்டது. எத்திலீன் என்னும் வாயுவை மண்ணுக்குள் செலுத்தினால் சுடுமல்லி விதைகள் ஏமாந்து முளைத்துவிடும் என்று கண்டறிந்தனர். காய்களைப் பழுக்கச் செய்யும் அதே வாயுதான் இது. பற்றிக்கொள்ளப் பயிர் இல்லாத நேரத்தில் முளைத்த விதை மடிந்துபோகும். இதனைத் ‘தற்கொலை முளைப்பு’ என்று குறிப்பிடுவர். நான்கு இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்த களை, பல பத்தாண்டுகள் நடந்த இடைவிடாத முயற்சியால் சில ஆயிரம் ஏக்கருக்குள் ஒடுக்கப்பட்டது.

பாராட்டத்தக்க வெற்றிதான். ஆனால், வாயு செலுத்தும் இயந்திரங்களும், வயல் வயலாகச் சென்று சோதிக்கும் அலுவலர்களும், பெரும் பொருட்செலவும் அதற்குத் தேவைப்பட்டன. ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்துக்கொண்டு மண்வெட்டியால் உழைக்கும் ஆப்பிரிக்கக் குடும்பத்திற்கு அந்த வழி எட்டாக்கனியே.

களைக்கொல்லிகளின் நிலையும் அவ்வாறே. இலை மீது தெளிக்கும் மருந்து, மண்ணுக்கு மேல் வந்த களையைக் கொல்லும். மண்ணுக்கடியில் நடந்த கொள்ளையைத் தடுக்காது. மேலும், ஊடுபயிராக நிற்கும் பயறு வகைகளையும் அது அழித்துவிடும். இதற்கு மாற்றாக, மக்காச்சோள விதையின் மேலேயே களைக்கொல்லியைப் பூசி விதைக்கும் முறையை ஆய்வாளர்கள் உருவாக்கினர். அம்மருந்தைத் தாங்கும் மக்காச்சோள வகையைத் தேர்ந்து வளர்த்து, கென்யா நாட்டில் அதனை அறிமுகமும் செய்தனர். மிகக் குறைந்த மருந்தே போதும் என்பது இம்முறையின் சிறப்பு. பூசிய விதையை ஒவ்வோர் ஆண்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதும், அதனைத் தொட்ட கையால் மற்ற விதையைத் தொடலாகாது என்பதும் இதன் குறைகள்.

குடிசையில் பிறந்த அறிஞர்

1950-ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவின் சிற்றூர் ஒன்றில், கூரை வேய்ந்த ஓரறைக் குடிசையில் கெபிசா எஜெட்டா பிறந்தார். மகன் படிக்க வேண்டும் என்பதில் அவருடைய தாய் உறுதியாக இருந்தார். அவர்கள் ஊரில் பள்ளி இல்லை. ஞாயிறு மாலைதோறும் இருபது கிலோமீட்டர் நடந்து பக்கத்து ஊருக்குச் சென்று, வாரம் முழுவதும் அங்கே தங்கிப் படித்து, வெள்ளியன்று நடந்தே வீடு திரும்புவார் அச்சிறுவர். பின்னர் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சூடான் நாட்டில் பணியாற்றியபோது அவர் உருவாக்கிய வீரிய ஒட்டுச்சோளம் 1983-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. வறட்சியைத் தாங்கி மிகுந்த விளைச்சல் தந்த அச்சோளம் பல குடும்பங்களின் பசியைத் தீர்த்தது.

அதன் பின்னர் அவர் சுடுமல்லியின் பக்கம் திரும்பினார். பர்டூவில் லாரி பட்லர் என்னும் உயிர்வேதியியல் அறிஞரோடு இணைந்து, ஓர் எளிய சோதனை முறையை வகுத்தார். கண்ணாடித் தட்டில் கூழ் போன்ற பொருளை ஊற்றி, அதில் களை விதைகளையும் சோள நாற்றையும் வைத்துப் பார்ப்பது அம்முறை. எந்தச் சோளத்தின் வேருக்கு அருகில் களை விதைகள் முளைக்காமல் கிடக்கின்றனவோ, அந்தச் சோளத்தைத் தேர்ந்தெடுத்தனர். அத்தகைய வகைகளை நல்ல விளைச்சல் தரும் வகைகளோடு கலந்து புதிய சோளங்களை உருவாக்கினர். 1994-ஆம் ஆண்டில் எட்டு டன் விதை பன்னிரண்டு ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கெபிசா எஜெட்டாவுக்கு வழங்கப்பெற்றது.

இந்தச் சோளங்களின் மறைபொருள் 2017-ஆம் ஆண்டில்தான் முழுவதும் விளங்கிற்று. அவற்றில் ஒரு மரபணு செயலிழந்திருக்கிறது. அதனால் வேர் கசியவிடும் பொருளின் வகை மாறிவிடுகிறது. வேர் குரல் கொடுப்பதை நிறுத்தவில்லை. குரலின் தொனியை மாற்றிக்கொண்டது. புதிய தொனி சுடுமல்லியின் காதில் சரிவர விழுவதில்லை.

இவ்வளவு பெரிய சாதனைக்குப் பிறகும் அவர், விதை ஒன்றே போதும் என்று சொல்லவில்லை. எத்தியோப்பியாவில் உழவர்களுக்கு அவர் கொடுத்தது மூன்று பொருள்கள் அடங்கிய முறை. எதிர்ப்பாற்றல் உள்ள விதை, நிலத்திற்கு ஊட்டம், குறுக்குக் கரை கட்டிய சால்களில் மழைநீரைத் தேக்கும் வழி ஆகிய மூன்றையும் சேர்த்தே வழங்கினார். நல்ல விதையும் பசித்த நிலத்தில் தனித்து நின்று வெல்லாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

விக்டோரியா ஏரிக்கரையில்

கென்யா நாட்டின் மேற்கில், விக்டோரியா ஏரியின் கரையில் எம்பிட்டா என்னும் ஊர் உள்ளது. தாமஸ் ஒதியாம்போ என்னும் ஆப்பிரிக்க அறிஞர் 1970-ஆம் ஆண்டில் நிறுவிய பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் கிளை நிலையம் ஒன்று அங்கே இயங்குகிறது. இந்தியாவில் பிறந்த சயாவுர் கான் என்னும் அறிஞர், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜான் பிக்கெட் என்பவரோடு இணைந்து, 1990-களில் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்.

அவர்கள் முதலில் தேடியது களைக்கு மருந்து அன்று. மக்காச்சோளத்தைத் தண்டுத் துளைப்பான் புழுவிலிருந்து காக்கவே விரும்பினர். மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே ‘டெஸ்மோடியம்’ என்னும் பயறு வகைத் தீவனச் செடியை விதைத்தனர். அதன் வாடை தாய்ப்பூச்சியை விரட்டும். வயலைச் சுற்றி நேப்பியர் புல்லை நட்டனர். அது தாய்ப்பூச்சியை ஈர்த்து, தன் மேல் முட்டையிடச் செய்யும். பிசுபிசுப்பான சாற்றால் புழுக்களில் பெரும்பகுதியை அழித்துவிடும். உள்ளிருந்து தள்ளுதல், வெளியிலிருந்து இழுத்தல் என்னும் பொருளில் இதற்குத் ‘தள்ளு–இழு முறை’ என்று பெயர் வந்தது.

எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. டெஸ்மோடியம் நின்ற வயல்களில் சுடுமல்லியும் மறைந்துகொண்டு வந்தது! ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. அச்செடியின் வேரிலிருந்து இருவகைப் பொருள்கள் கசிகின்றன. ஒருவகை, களை விதையை முளைக்கத் தூண்டுகிறது. மற்றொரு வகை, முளைத்த களை பயிரின் வேரைப் பற்றாதவாறு தடுக்கிறது. அமெரிக்காவில் வாயுவும் இயந்திரமும் செய்த வேலையை, இங்கே ஒரு சிறு செடி செலவின்றிச் செய்கிறது. அதோடு, பயறு வகையைச் சேர்ந்ததாதலால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்த்து நிலத்தின் பசியையும் தணிக்கிறது. ஒரே செடி களையைக் கொல்கிறது. பயிருக்கு உணவும் ஊட்டுகிறது. இரு அதிகாரங்களும் ஒரே வயலில் ஒன்றாகிவிட்டன!

குடும்பத்திற்குக் கிடைத்த நன்மை இதோடு முடியவில்லை. டெஸ்மோடியமும் நேப்பியர் புல்லும் மாட்டுக்குத் தீவனமாயின. தீவனம் பாலாயிற்று, சாணம் எருவாகி மீண்டும் வயலுக்கு வந்தது. களைக்கும் புழுவுக்கும் இரையாகி ஹெக்டேருக்கு ஒரு டன்கூடத் தேறாத வயல்களில் மூன்று டன்னுக்கு மேல் மக்காச்சோளம் விளைந்ததாக ஆய்வாளர்கள் தெரிவித்துள்ளனர்.

குறைகள் இல்லாமலில்லை. டெஸ்மோடிய விதையின் விலை சற்று மிகுதி. முதல் பருவத்தில் அதனைக் கவனமாகக் களையெடுத்து வளர்த்தெடுக்க உழைப்பு வேண்டும். அறுவடைக்குப் பின் ஊர்க் கால்நடைகளை எங்கும் மேயவிடும் பகுதிகளில் அதனைக் காப்பது கடினம். குத்தகை நிலத்தில் பயிரிடுவோர், பல்லாண்டு நிற்கும் செடியை நடத் தயங்குவர். கடும் வறட்சியில் முதலில் பயன்படுத்திய வகை வாடியது கண்டு, பின்னர் வறட்சியைத் தாங்கும் வகைகளை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தனர். எந்த நல்ல முறையும், அதனைக் கைக்கொள்ளும் குடும்பத்தின் நிலையைப் பார்த்தே வெற்றி பெறும்.

உரத்தை அள்ளிக் கொட்டுவதா?

இதனைப் படிக்கும் சிலர், அப்படியானால் உரத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டினால் களை ஒழிந்துவிடுமே என்று எண்ணலாம். அது சரியன்று. சுடுமல்லி வேரைப் பற்றும் களை. பயிரின் பசியில் வாழ்வது. நெல் வயலின் கோரையும் குதிரைவாலிப் புல்லும் அத்தகையவை அல்ல. அவை தம் வேரால் தாமே உண்பவை. களை மண்டிய வயலில் மேலுரம் இட்டால், அவை பயிரை முந்திக்கொண்டு அவ்வுரத்தை உண்டு கொழுக்கும். களையெடுத்த பிறகே மேலுரம் இட வேண்டும் என்று நம் முன்னோர் வற்புறுத்தியதன் காரணம் இதுவே. ஆக, உரம் களையை ஒடுக்குவதும் உண்டு; களையை வளர்ப்பதும் உண்டு. எந்தக் களை, எந்த நிலம், எந்தக் காலம் என்பதை அறிந்து இடுவதே அறிவுடைமை.

நம் சோள வயலிலோ கரும்புத் தோட்டத்திலோ சுடுமல்லி தலைகாட்டினால் செய்யத்தக்கவை சில உண்டு. பூத்து விதையாகுமுன் அதனைப் பறித்து வயலுக்கு வெளியே எரித்துவிட வேண்டும். பூத்த செடியை மாட்டுக்குப் போடலாகாது; சாணத்தின் வழியாக விதை மீண்டும் வயலுக்கு வந்துவிடும். ஆண்டுதோறும் சோளத்தையே விதைக்காமல், இடையிடையே பருத்தி, நிலக்கடலை முதலியவற்றை விதைத்தால், களை விதைகளில் ஒரு பகுதி ஏமாந்து முளைத்து மடியும். தொழுஉரம் இட்டு மண்ணை வளப்படுத்த வேண்டும். மண் பரிசோதனை செய்து, வேளாண்மை விரிவாக்க அலுவலரின் அறிவுரைப்படி தழைச்சத்தும் மணிச்சத்தும் இட வேண்டும். ஓராண்டில் பலன் முழுதாகக் கிடைக்காது. பத்தாண்டு உறங்கும் விதையை வெல்லப் பல ஆண்டுப் பொறுமை வேண்டும்.

வாசக அன்பர்களே! பகைவனை வெல்ல வாளைத் தீட்டுவதே வழி என்று மனிதர் எண்ணுகின்றனர். இச்சிறு களையின் வரலாறு நமக்கு வேறொன்றைக் கூறுகிறது. பசித்திருப்பவர் குரல் கொடுக்கும்போது, அதனை முதலில் கேட்பவர் நண்பராக இருக்க வேண்டும். இல்லையேல் பகைவர் கேட்டுவிடுவர். நிலத்தின் பசியைக் காலத்தில் தணிப்பவர், களைக்கொத்தை எடுக்குமுன்னரே பாதிக் களையை எடுத்துவிட்டவர் ஆவார். உரம் வாங்க இயலாத ஓர் உழவர் குடும்பத்திற்கு ஒரு வண்டி எருவோ, ஒரு படி பயறு விதையோ கொடுத்து உதவுவோர், அக்குடும்பத்தின் வயலில் தம் கையாலேயே களை பறித்தவர்களாவர்.